அண்ணா நகர் உழவர் சந்தை: என் நோட்டுப் புத்தகக் கணக்கு

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால் மூன்று வேளையும் காய் வேண்டும். போன வருடம் வரை பக்கத்துக் கடையில்தான் வாங்கினேன். ஒருநாள் பையில் கட்டி வைத்திருந்த அவரைக்காயை வீட்டில் வந்து பிரித்தால், மேலே பிஞ்சு, அடியில் பாதி முற்றலும் அழுகலும். கொடுத்த காசை நினைத்து வயிறு எரிந்தது. மறுநாளே மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் கிளம்பிவிட்டேன்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். 1999 நவம்பர் 14 அன்று கலைஞர் தொடங்கி வைத்தார். சாகுபடி செய்கிறவர்களுக்கு மட்டும் போட்டோ ஒட்டிய அட்டை. கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள், நடுவில் கமிஷன் எடுக்க ஆள் கிடையாது. விலையை அன்றன்று காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம், வெளிக்கடை விலைக்குக் கீழே சுமார் 15 சதவீதம் என்பது இதற்கு வைத்திருக்கும் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எனக்கு மிச்சமாகும் பணம் விவசாயியின் வயிற்றில் அடித்து வந்ததில்லை. அவருக்கும் மண்டியில் போடுவதை விடக் கூடவே கிடைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அப்படியே தருகிறேன். தக்காளி 2 கிலோ 48 ரூபாய், கத்தரி அரைக் கிலோ 20, அவரை அரைக் கிலோ 30, சின்ன வெங்காயம் ஒரு கிலோ 45, கீரை மூன்று கட்டு 30. மொத்தம் 173. அன்றைக்கே பக்கத்துக் கடையில் விலை கேட்டு எழுதினேன்: 237 வந்தது. ஒரு நடைக்கு 64 ரூபாய். வாரம் இரண்டு நடை போகிறேன், மாதம் ஐந்நூறுக்கு மேல் நிற்கிறது. எங்கள் வீட்டு காஸ் சிலிண்டர் செலவில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடுகிறது.

விலையை விடப் பெரிய மிச்சம் காய் வீணாகாததுதான். முந்தின நாள் சாயங்காலம் பறித்த கத்தரிக்காய் நாலு நாள் வாடாமல் நிற்கிறது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு பை குப்பைக்குப் போகும்.

ஆறரைக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் நல்ல கீரை இருக்காது, வெண்டைக்காயில் முற்றல்தான் மிஞ்சும். துணிப்பையும் சில்லறையும் கையில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் முதலில் பலகையைப் பாருங்கள், அப்புறம் ஒரு சுற்று நடந்துவிட்டு வாங்குங்கள். இன்ன காய்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனால் சரிப்படாது. அன்றைக்கு எது மலிந்து கிடக்கிறதோ அதை வைத்துத்தான் நான் சமையலை முடிவு செய்கிறேன். புடலை வந்தால் புடலைக் கூட்டு, அவ்வளவுதான்.

நான் கீரை வாங்கும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். போன புதன்கிழமை தண்டங்கீரையை எடுத்தேன். கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "இது நேத்துப் பறிச்சது ஆத்தா, இந்தா, இந்தக் கட்டை எடுத்துக்க" என்று ஈரம் சொட்டும் சிறுகீரையை நீட்டினார். ஞாயிறன்று பாகற்காய் கொண்டுவருவதாகவும் சொல்லியிருக்கிறார். மாமனாருக்காக ஒரு கிலோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.