அலகு மாற்றம்: படிக்கட்டா, குறுக்குப் பெருக்கலா, பின்னமா?

0.35 சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக மாற்று என்ற கணக்குக்கு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 35 என்று விடை எழுதியிருந்தாள். சரியான விடை 3500. அவள் கவனக்குறைவானவள் அல்ல. மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு இரண்டு படி, ஆகவே புள்ளியை இரண்டு இடம் நகர்த்து என்று கற்றதை அப்படியே செய்திருந்தாள். விடையைப் பார்த்து அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. அதன்பிறகு ஓர் ஆண்டாக, அலகு மாற்றக் கணக்குகளை நாங்கள் மூன்று வழிகளிலும் போட்டுப் பார்த்துவருகிறோம். இப்போது ஒரு வழியைத் தேர்ந்துகொண்டுவிட்டோம்.

முதல் வழி படிக்கட்டு. கிலோ, ஹெக்டோ, டெக்கா, மீட்டர், டெசி, சென்டி, மில்லி என்று ஏழு படிகளை வரைந்துகொள்ள வேண்டும். கீழே இறங்கினால் ஒரு படிக்கு ஓர் இடம் தசமப் புள்ளி வலப்பக்கம் போகும், ஏறினால் இடப்பக்கம் போகும். 3.2 கிலோமீட்டர் என்றால் 3200 மீட்டர் என்று பேனாவை எடுக்காமலே சொல்லிவிடலாம். வேகத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் பரப்பளவு வந்தால் ஒரு படிக்கு இரண்டு இடம், கன அளவு வந்தால் மூன்று இடம் என்று தனித்தனி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. மணி, நிமிடம், அங்குலம், மைல் ஆகியவை பத்துப் பத்தாக ஏறி இறங்குவதில்லை என்பதால் அங்கே படிக்கட்டுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது குறுக்குப் பெருக்கல். 1 அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்றால் 15 அங்குலம் எத்தனை சென்டிமீட்டர்? விடை 38.1. நேர் விகிதம் படித்த எந்த மாணவருக்கும் இது இயல்பாக வரும், எந்த அலகுக்கும் பொருந்தும். ஒரே ஒரு தாவல்தான் என்றால் நல்ல வழி. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதுபோல இரண்டு அலகுகள் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். தூரத்துக்கு ஒருமுறை, நேரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை விகிதம் அமைக்க வேண்டும். இரண்டாம் தடவை பெருக்குவதா வகுப்பதா என்று பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதைத் தவிர்க்கத்தான், கிமீ/மணியை மீ/வினாடியாக மாற்ற 5/18-ஆல் பெருக்கு என்ற குறுக்குவழியைச் சொல்லித்தருகிறார்கள். சில வாரங்கள் கழித்து அது 5/18-ஆ 18/5-ஆ என்பது மறந்துபோகிறது.

மூன்றாவது, 1-க்குச் சமமான பின்னத்தால் பெருக்குவது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற இப்படி எழுதுவோம்:

72 கிமீ/மணி × (1000 மீ / 1 கிமீ) × (1 மணி / 3600 வினாடி)

மேலே ஒரு கிமீ, கீழே ஒரு கிமீ: இரண்டையும் அடித்துவிடலாம். மணியும் அப்படியே அடிபடும். மிஞ்சுவது மீ/வினாடி. 72,000-ஐ 3600-ஆல் வகுத்தால் 20. இதில் 5/18-ஐ யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அது 1000/3600-இன் சுருங்கிய வடிவம்தான் என்பதும் கூடவே விளங்கிவிடுகிறது.

முதலில் இதை விளக்கியபோது மகள் கேட்ட கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. "1000-ஆல் பெருக்கிவிட்டு, வேகம் மாறவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் அப்பா?" 1000 மீட்டரும் 1 கிலோமீட்டரும் ஒரே நீளம். ஒரே நீளத்தை அதே நீளத்தால் வகுத்தால் 1. நாம் பெருக்குவது 1-ஆல்தான். எண் மாறுகிறது, அளவு மாறவில்லை. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்த பிறகு, பின்னத்தை எந்தப் பக்கம் கவிழ்த்து எழுதினாலும் அதன் மதிப்பு 1 தான் என்பதை அவளே சொன்னாள். எந்தப் பக்கம் எழுதினால் வேண்டாத அலகு அடிபடுகிறதோ, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

மூன்று வழிகளும் ஒழுங்காகச் செய்தால் ஒரே விடையைத்தான் தரும். ஆகவே எது சரியான விடை தருகிறது என்று கேட்பதில் பயனில்லை. தவறு செய்தால் அந்தத் தவறு தாளில் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். என் தேர்வு முழுக்க முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

படிக்கட்டில் தப்பான பக்கம் புள்ளியை நகர்த்தினால் தப்பான எண் வரும், அவ்வளவுதான். 35 என்ற எண்ணுக்கும் 3500 என்ற எண்ணுக்கும் முகத்தில் எந்த வேறுபாடும் இல்லை. குறுக்குப் பெருக்கலில் விகிதத்தைத் தலைகீழாக அமைத்தால் 15 அங்குலம் ஏறத்தாழ 5.9 சென்டிமீட்டர் ஆகிவிடும். அளவுகளை மனக்கண்ணில் பார்க்கத் தெரிந்தவருக்கு உறுத்தும், மற்றவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். பின்ன முறையில் கிலோமீட்டர் பின்னத்தைக் கவிழ்த்து எழுதினால் கிமீ அடிபடாது. மேலே கிமீ × கிமீ, கீழே மீட்டர் என்று அர்த்தமில்லாத ஓர் அலகு நிற்கும். அந்த அலகே இங்கே பிழை இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மகள் தவறவிட்ட அந்தச் சதுர மீட்டர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.35 மீ² என்பது 0.35 × மீ × மீ. அதை (100 செமீ / 1 மீ) என்ற பின்னத்தால் ஒருமுறை பெருக்கினால் ஒரு மீ மட்டுமே அடிபடும், இன்னொரு மீ மிச்சம் நிற்கும். ஆகவே அதே பின்னத்தால் இன்னொரு தடவை பெருக்க வேண்டும். 0.35 × 100 × 100 = 3500 செமீ². "பரப்பளவுக்கு இரண்டு இடம்" என்று தனி விதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அலகே சொல்லிவிடுகிறது.

அலகில்லாத எண் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததை மகளிடம் சொன்னேன். ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்குத் தேவைப்பட்ட எரிபொருள் 22,300 கிலோகிராம். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். அதை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கிலோகிராமில் வேண்டுமானால் ஏறத்தாழ 0.8 என்று வைத்திருக்க வேண்டும். கிடைத்த 13,597 பவுண்டைக் கிலோகிராம் என்று நினைத்து 22,300-இலிருந்து கழித்து, மிஞ்சியதை லிட்டராக்க மறுபடி 1.77-ஆலேயே வகுத்து, சுமார் 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் ஐயாயிரம் லிட்டர் அளவில் நிரப்பினார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்து, விமானம் இயந்திரம் இல்லாமலே மிதந்து வந்து கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறங்கியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. அந்தப் பெருக்கலை 7,682 லிட்டர் × 1.77 பவுண்டு/லிட்டர் என்று அலகோடு எழுதியிருந்தால், விடையின் பக்கத்தில் பவுண்டு என்ற சொல் நின்றிருக்கும். கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்க யாருக்கும் கை வராது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வெப்பநிலையில் இது செல்லாது. 20 டிகிரி செல்சியஸ் என்பது 68 டிகிரி ஃபாரன்ஹீட். 9/5-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்ட வேண்டும். அந்த 32 இருப்பதால் பின்னமும் உதவாது, குறுக்குப் பெருக்கலும் உதவாது. வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்று மட்டும் கேட்டால் பின்னம் மறுபடி வேலை செய்யும்: 10 செல்சியஸ் டிகிரி உயர்வு என்பது 18 ஃபாரன்ஹீட் டிகிரி உயர்வு. இன்னொன்று, பின்னத்தில் போடும் எண்ணே தப்பு என்றால் முறை காப்பாற்றாது. 1 மணி = 60 வினாடி என்று எழுதினாலும் அலகுகள் அழகாக அடிபட்டுவிடும்.

எழுதும் நேரமும் கூடுதல்தான். மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றப் பின்னம் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றின் நேரடி மாற்றத்துக்கு மகள் இன்றும் படிக்கட்டைத்தான் பயன்படுத்துகிறாள், நானும் தடுப்பதில்லை. நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது இரண்டு பிள்ளைகளுக்குத்தான். நாற்பது பேர் உள்ள வகுப்பில், பின்னமே இன்னும் பிடிபடாத மாணவர்களிடம் இது இதே அளவு எடுபடும் என்று என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது. அவர்களுக்குக் குறுக்குப் பெருக்கலில் தொடங்குவதே எளிதாக இருக்கலாம்.

சென்ற வாரம் அவளுக்கு வந்த கணக்கு: பாதரசத்தின் அடர்த்தி 13.6 கிராம்/செமீ³, இதைக் கிலோகிராம்/மீ³ ஆக மாற்று. கிராமுக்கு ஒரு பின்னம் எழுதினாள். பிறகு (100 செமீ / 1 மீ) என்பதை இரண்டு தடவை எழுதி, அடித்துக்கொண்டே வந்தாள். கீழே மீ² பக்கத்தில் ஒரு செமீ தனியாக நின்றது. நான் வாய் திறக்கவில்லை. அவளே மூன்றாவது பின்னத்தைச் சேர்த்து, 13,600 என்று எழுதி, அலகையும் எழுதிய பிறகுதான் நிமிர்ந்தாள்.