லிச்செஸ் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர்: முந்திக்கொண்டு வரும் சிப்பாய்களைச் சமாளிக்க எவ்வளவு உதவும்?

நாலைந்து நகர்வுக்குள்ளேயே ஹெச்4, ஜி4, இ5 என்று சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு வருபவர்களுக்கு எதிராகத் தயாராக, லிச்செஸ் சதுரங்கத் தளத்தின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் (ஆட்டத் தொடக்கத்தில் யார் எந்த நகர்வை எத்தனை முறை வைத்தார்கள், முடிவு என்ன என்று காட்டும் பட்டியல்) நல்ல கருவி. இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. அனாலிசிஸ் பலகையில் புத்தகப் படத்தைத் தட்டினால் திறக்கும். ஆனால் ‘மாஸ்டர்ஸ்’ தாவலோடு நின்றுவிட்டால் பாதிப் பயன்தான்.

அந்தத் தொகுப்பில் இருப்பவை 2200-க்கு மேல் ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் உள்ளவர்களின் ஆட்டங்கள். அவர்கள் விழாத பொறி அங்கே கண்ணில் படாது. கேரோ-கான் என்ற தொடக்க முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: இ4 சி6, டி4 டி5, இ5, கறுப்பு மந்திரி எஃப்5. அடுத்து வெள்ளை ஹெச்4 தள்ளுகிறது. 1961 உலகப் பட்டப் போட்டியில் போட்வின்னிக்குக்கு எதிராக டால் ஆடிய அதே ஹெச்4. கறுப்பு பழக்கதோஷத்தில் இ6 வைத்தால் ஜி4, மந்திரி இ4, எஃப்3, மந்திரி ஜி6, ஹெச்5. இ6 சிப்பாய் பின்வாங்கும் வழியை அடைத்துவிட்டதால் மந்திரி போயே போச்சு.

‘லிச்செஸ்’ தாவலுக்கு மாறி, அமைப்புகளில் உங்கள் ரேட்டிங் அடுக்கையும் நேர வகையையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். புல்லட்டை (மிகக் குறைந்த நேரத்தில் ஆடும் அதிவேக ஆட்டம்) நீக்கிவிடுவது நல்லது, அங்கே கடிகாரம் ஜெயித்த ஆட்டங்கள் அதிகம். உங்களோடு ஆடக்கூடியவர்கள் நிஜமாகவே என்ன வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே வெற்றி, சமன், தோல்வி விகிதத்தைக் காட்டும் வெற்றிப் பட்டையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அது ஆட்டத்தின் முடிவைச் சொல்கிறது, நகர்வின் தரத்தை அல்ல. பக்கத்தில் உள்ள ஆட்ட எண்ணிக்கை சில பத்துகளில் இருந்தால் அந்தப் பட்டைக்கு அர்த்தமே இல்லை. கூடவே நகர்வுகளைக் கணக்கிடும் சதுரங்க இன்ஜினான ஸ்டாக்ஃபிஷை ஓடவிடுங்கள். எக்ஸ் விசையை அழுத்தினால் எதிராளியின் மிரட்டலை அம்புக்குறி காட்டும். சிப்பாய்த் தாக்குதலைப் படிக்க இதைவிட உதவும் வசதி இந்தத் தளத்தில் இல்லை.

கருவி சொல்லாமல் விடுவது ‘ஏன்’ என்பதைத்தான். அதே கேரோ-கான் நிலையில் ஹெச்4-க்குக் கறுப்பு ஹெச்6 வைத்து, வெள்ளை ஜி4 தள்ளினால் மந்திரி டி7-க்குப் போக வேண்டும். ஹெச்7-இல் ஒளிந்தால் வெள்ளை இ6 என்று சிப்பாயைப் பலி கொடுக்கும். எஃப் சிப்பாய் அதை வெட்டியதும் வெள்ளை மந்திரி டி3-க்கு வந்து எதிர் மந்திரியை மாற்றிக்கொள்ள, ராணிக்கு ஜி6 கட்டம் திறந்துவிடும். டி7-இல் இருக்கும் மந்திரி இ6-ஐக் காப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஹெச்6-க்குப் பதில் கறுப்பு ஹெச்5 வைத்தால் ஜி4 தடைபடும், ஆனால் ஜி5 கட்டம் வெள்ளைக்குப் போய்விடும்.

பிரெஞ்சு அட்வான்ஸ் என்ற தொடக்க முறையிலும் (இ4 இ6, டி4 டி5, இ5) இதே குறைதான். இ5-க்கு சி5, சி3-க்கு குதிரை சி6, பிறகு ராணி பி6 என்று டி4-ஐ அழுத்துவது சரி. வெள்ளை மந்திரி டி3-இல் இருக்கும்போது, சிப்பாய்களை மாற்றியதும் ஆசைப்பட்டு டி4-ஐக் குதிரையால் வெட்டினால், குதிரைகள் மாறியபின் மந்திரி பி5 செக், கறுப்பு ராணி காலி. கறுப்பு முதலில் மந்திரி டி7 வைத்தால்தான் அந்தச் சிப்பாய்க்கு உண்மையான ஆபத்து. இந்த வரிசையைப் பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்ய முடியாது. ‘ஸ்டடி’யில் (லிச்செஸில் பாடங்களைச் சேமிக்கும் பகுதி) தனி அத்தியாயமாக்கி, அதை இன்டராக்டிவ் பாடமாக மாற்றி, தவறான நகர்வுக்கும் காரணம் எழுதி வையுங்கள். ஒரு ஸ்டடிக்கு 64 அத்தியாயங்கள் வரை இடமுண்டு.