பேய் எழுதாமல் விட்ட பெயர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா, காணாமல் போன அக்கா, அவளைத் தேடி மலையேறி வரும் தங்கை. நம்ம ஊர்க் கதை என்பதால் இந்தப் பேய்ப் படத்துக்கு ஊட்டி தியேட்டரில் முதல் நாளே போய் உட்கார்ந்தேன். முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே நடுங்க வைத்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்குவதும், தகரக் கூரையில் தண்ணீர் சொட்டுவதும், அந்தச் சத்தத்துக்குள்ளேயே யாரோ நடப்பதும்... ஒலியமைத்தவர் மலையில் ராத்தங்கிக் கேட்டிருக்கிறார்.

அப்புறம் கதை குலைகிறது. செத்துப்போன அக்கா ஜன்னல் கண்ணாடியில் "போகாதே" என்று எழுதுகிறாள். தங்கையின் போனிலேயே பேசுகிறாள். இத்தனை முடிந்தவள் தன்னைக் கொன்றவன் பெயரை ஏன் எழுதவில்லை? ஏதோ ஒன்று அவளைத் தடுக்கிறது என்று ஒரே ஒரு வசனம் வைத்திருந்தால் போதும், நம்பியிருப்பேன். பேயையே நம்பத் தயாராக வந்தவர்கள்தானே நாம்.

கொலை நடக்கும் இடம்தான் எனக்குத் தாங்கவில்லை. நல்ல சீசனில், இரவு இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத டீ பேக்டரி! நான் பேக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன். பகலில் பறித்த கொழுந்தை ட்ரஃப் என்கிற நீளத் தொட்டியில் பரப்பி, 12 முதல் 16 மணி நேரம் ஃபேன் ஓடவிட்டு வாட வைத்தால்தான் விடியற்காலையில் அரைவைக்கு ஏற்றலாம். ராத்திரி முழுக்க ஆள் இருக்கும். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் அடிக்கடி வந்து கொழுந்தைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்ப்பார். இதையே வைத்து எடுத்திருக்கலாமே: சுற்றிலும் ஆட்கள், ஃபேன் இரைச்சலில் யார் காதிலும் விழாத அலறல். அதைவிட பயங்கரம் வேறென்ன வேண்டும்?

கடைசியில் டாக்டர்தான் கொலைகாரன் என்கிறார்கள். ஆனால் அன்று இரவு ஒன்றரை மணிக்கு அவர் மேட்டுப்பாளையத்துக் கல்யாண வீட்டில் இருந்ததை இடைவேளைக்கு முன்பே நமக்குக் காட்டிவிட்டார்கள். கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அந்தப் பனியில் அரை மணி நேரத்தில் எவன் ஏறுவான்? இன்ஸ்பெக்டர்கூட இதைக் கேட்பதில்லை.

தங்கையாக நடித்த பெண்ணுக்காகவும் அந்த ஒலிக்காகவும் இடைவேளை வரை தியேட்டரில் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக் காட்சி ராத்திரி தூங்க விடாது.