டயாலிசிஸ் நாற்காலியில் ஆறு சுற்றுச் சங்கீதம்: என் அனுபவம்

டயாலிசிஸ் யூனிட்டில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து மஞ்சள் காமாலைக் கிருமி, பி-யும் சி-யும், இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் தனி மிஷின், தனி இடம், வீட்டிலும் ஆயிரம் கேள்வி. அதனால் பார்க்க வருகிற சபைக்காரர்கள் "எப்பவும் பாசிட்டிவா இருங்க அண்ணாச்சி" என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். சொன்னவருக்கு ஏன் என்று புரியாது.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை, வயது 58. சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்று முடித்த பிறகு 2019 பிப்ரவரியில் மிஷினில் ஏறினேன். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி ஷிப்ட், நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் வண்டி ஓடுகிறது. நான் இங்கே எழுத வந்தது மிஷினைப் பற்றி இல்லை, அந்த நான்கு மணி நேரத்தில் ஆறு வருஷமாக நான் பயன்படுத்தும் ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றி. புதிய ஏற்பாட்டோடு, வேதாகமத்தின் பாட்டுகளும் ஜெபங்களுமான சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்த்துக் கட்டியது, சட்டைப் பையில் அடங்கும்.

முழு வேதாகமத்தை ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்பீர்கள். கொண்டுபோனேன். இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம், அதில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையில் வீட்டு வேதாகமத்தைத் தூக்கிப் பிடித்து, வெங்காயச் சருகு மாதிரித் தாளைக் கட்டைவிரலால் புரட்டிப் பாருங்கள், தெரியும். ஒருநாள் அது நழுவி ரத்தம் போகிற டியூப் மேலேயே விழுந்தது. மிஷின் கத்த, சிஸ்டர் ஓடிவர, பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து உட்கார, பெரிய ரகளை. அதோடு சரி, அடுத்த தடவையிலிருந்து சின்னப் புத்தகம்தான்.

வாசிப்பதற்கு ஒரு கணக்கு தானாக அமைந்தது. வாரம் மூன்று என்றால் வருஷத்துக்கு 156 தடவை. சங்கீதம் 150. ஒரு தடவைக்கு ஒன்று. மீதி ஆறில் நான்குக்குப் பிலிப்பியர் நிருபம், நான்கே அதிகாரம்தான். அப்போஸ்தலர் பவுல் அந்தக் கடிதத்தைக் காவலில் இருந்தபடி எழுதினார். "என் கட்டுகள்" என்று அவர் சொல்கிற இடத்தில் நான் என் டியூப்களைப் பார்த்துக்கொள்வேன். கடைசி இரண்டு நாள் ஒன்றும் வாசிப்பதில்லை. யூனிட் டிவியில் ஓடுகிற பழைய படம்.

இந்தப் பழக்கத்துக்கு முன்னால் என்ன வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுத்தோம், புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வசனம் அச்சடித்தது. எனக்கு எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பீரோக் கண்ணாடியில் ஒட்டினேன். ஐந்து வாரத்தில், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வந்தது. காலையில் தலை சீவும்போதெல்லாம் அந்த அட்டை கண்ணில் படும். ஜூலையில் ஒருநாள் பிய்த்து மேஜை அறைக்குள் போட்டேன். கோபம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

அந்த வசனத்துக்கு மேலே இருப்பதை அப்புறம்தான் ஒழுங்காக வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறார். அங்கே 'பாசிட்டிவ்' பேச்சு அவருடையதுதான். எரேமியா 70 வருஷம் என்கிறார். அதுவரை வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்கிறார். பதினோராம் வசனம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. அட்டை அச்சடிக்கிறவர்கள் அந்த 70 வருஷத்தைச் சொல்லும் பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் போட்டால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்பதும் நியாயம்தான். எனக்கு அந்தக் கடிதம் உதவியது. "எப்போது சரியாகும்" என்று கேட்பதை விட்டுவிட்டு, வேலையை அரைநாள் கணக்காக மாற்றிக்கொண்டேன், மாடியில் கறிவேப்பிலையும் கத்தரியும் வைத்தேன். கத்தரி பிழைக்கவில்லை.

அனனியாவை விட்டேன் என்று நினைத்தேன், அவர் வேறு உருவத்தில் வந்தார். முதல் வருஷக் கடைசியில் ஒரு ஜெபக்கூட்டம். சொஸ்தமாக்கும் வரம் பெற்றவர் என்று சொன்னார்கள். என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "விசுவாசிக்கிறவன் மிஷினை நம்பமாட்டான்" என்றார். நான் படித்தவன், ஆனாலும் சனிக்கிழமை போகவில்லை. ஞாயிறு நன்றாகத்தான் இருந்தது, ஆராதனைக்குக்கூடப் போனேன். திங்கள் இரவு படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் கொஞ்சம் வரும். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. விடியுமுன் ஆட்டோவில் என் மனைவி என் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் உறைக்கிறது.

அன்றைக்கு அவசரமாக மிஷினில் போட்டு மூன்றரை லிட்டர் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, வரிசைப்படி வரவேண்டியது வேறு ஏதோ ஒரு சங்கீதம், நான் 69-ஐத் தேடி எடுத்தேன். "தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது." சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கேட்ட வசனம். உள்ளேயிருந்து வெள்ளம் ஏறினால் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு வாசிப்பது வேறு. முக்கியமாக, அதை எழுதியவர் வெள்ளமே இல்லை என்று அறிக்கையிடவில்லை. கழுத்துவரை வந்துவிட்டது என்று கத்துகிறார். கத்துவதும் விசுவாசத்துக்குள்தான் சேர்த்தி என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வலியைவிடத் தாகம் பெரிது. எனக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி, காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து. இதில் நம் சபைச் சனங்களின் அன்பு வேறு. பார்க்க வரும்போது இளநீர், மலைவாழைப்பழம், ஆரஞ்சு. மூன்றிலும் பொட்டாசியம், ஏறினால் இருதயம் நின்றுபோகும். "கர்த்தர் பார்த்துக்குவார், ஒரு வாய் குடிங்க" என்று இளநீரை வெட்டி நீட்டுகிற அத்தையிடம் எப்படிச் சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டு அவர் போனதும் பேரனிடம் கொடுத்துவிடுவேன். பேரன்தான் என் சுகவீனத்தால் நன்மை அடைந்த ஒரே ஆள்.

2023 பெரிய வெள்ளி, ஏப்ரல் ஏழு. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம். பாளையங்கோட்டை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறி அனலை அள்ளிக் கொட்டுகிறது. நாலாம் வார்த்தை, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அப்புறம் ஐந்தாம் வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்." ஐயர், எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம், அதற்குப் பெரிய ஆவிக்குரிய விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார், ஆத்துமாக்களுக்கான தாகம் என்று. எனக்கு முன் வரிசையில் ஒரு பையன் பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பிளாஸ்கைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் வைத்துக் கொடுத்தாள். வாயில் ஒதுக்கிக்கொண்டேன். 22-இலேயே பதினைந்தாம் வசனம், "என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்று இருக்கிறது. ஐயர் அதைத் தொடவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது. ஐஸ் கரைந்து முடிய ஐந்து நிமிஷம் ஆனது, அதையும் கணக்கில் எழுத வேண்டும், முப்பது மில்லி.

கணக்கு என்றதும் சங்கீதம் 56:8. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" துருத்தி என்றால் இன்றைக்குக் கொல்லன் பட்டறைதான் ஞாபகம் வரும், இங்கே தோல் பை. 1871இல் போவர் ஐயர் குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்த தமிழ் இது, இளம் பிள்ளைகளுக்குச் சிரமம்தான். எனக்கு அந்த 'கணக்கு' பிடித்திருக்கிறது. மில்லி மில்லியாக எழுதுகிற எனக்கு, இன்னொருவரும் எழுதுகிறார் என்பதில் ஒரு தோழமை.

பக்கத்து நாற்காலியில் மூன்று வருஷம் மேலப்பாளையத்துப் பாய் ஒருவர் இருந்தார். நான் முணுமுணுவென்று வாசிப்பதைக் கேட்டு, "தாவூது நபியோட சபூர்தானே, சத்தமாவே வாசிங்க அண்ணாச்சி" என்றார். தாவீதின் சங்கீதத்தை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். 2020இல் ஊரடங்கு, கோயில், பள்ளிவாசல் எல்லாம் பூட்டு, ஈஸ்டரும் வீட்டிலேயே. மிஷினுக்கு ஊரடங்கு கிடையாது. முகக்கவசத்துக்குள்ளிருந்து நான் வாசிக்க அவர் கேட்பார், அவ்வளவுதான் அந்த வருஷம் எனக்குச் சபை. 2022இல் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இங்கே யாரும் விளக்கம் சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. அன்று என்ன சங்கீதம் என்று ஞாபகம் இல்லை, வாசித்தேனா என்றும் தெரியவில்லை.

குறைகள் உண்டு. எழுத்து எறும்பு அளவு. நாலாவது வருஷம் கண்ணில் லேசர் வைத்த பிறகு பூதக்கண்ணாடி வேண்டியதாகிவிட்டது. மகன் போனில் ஆடியோ போட்டுக் கொடுத்தான். எனக்கு ஒத்துவரவில்லை, வாசிக்கிறவர் புலம்பலான 88-ஐயும் துதியான 150-ஐயும் ஒரே குரலில் வாசிக்கிறார். 119 ரொம்ப நீளம், 176 வசனம், பிரஷர் இறங்குகிற நாளில் அது வந்தால் தொலைந்தோம். 137இன் கடைசி வசனத்தை, எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதியடிப்பதைச் சொல்வதை, ஆறு சுற்றிலும் என்னால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. 120லிருந்து 134 வரை ஆரோகண சங்கீதங்கள், சின்னச் சின்னதாக, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிற நாளுக்கு அவைதான் சரி.

88-ஐப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. மற்றப் புலம்பல் பாட்டுகளில் பெரும்பாலானவை கடைசியில் எங்கேயாவது துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. தெரிந்தவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்றே முடிகிறது. ஆனால் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதை வேதத்திலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை பாருங்கள். நூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்காவது இந்த மாதிரி முறையீடுதான். நம் பாட்டுப் புத்தகங்களில் அந்த அளவு வராது, கூட்டங்களில் சுத்தமாகக் கிடையாது.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதானே தெசலோனிக்கேயரில் இருக்கிறது, எல்லாவற்றுக்காகவும் என்று இல்லையே, சிறுநீரகம் போனதற்காக ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் ரொம்ப நாள் கெட்டிக்காரத்தனமாகப் பேசிக்கொண்டிருந்தேன். எபேசியர் 5:20-இல் "எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறது என்று மனைவி எடுத்துக் காட்டினாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. பிலிப்பியரில் பவுல் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். நான் இன்னும் படிக்கிற வகுப்பில்தான் இருக்கிறேன்.

சந்தோஷமாக இருப்பதற்கு வழி தேடுகிறவர்களுக்கு இந்தப் பழக்கத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன், முதல் நாற்பது ஐம்பது அதிகாரத்திலேயே அலுத்துப்போகும். ஜெபம் பண்ண வாய் வராதவர்களுக்குச் செய்வேன். டாக்டர் சொன்னதை விடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் முதுகு பிய்ந்து, ஊசி எடுத்த இடத்தில் ஒட்டுகிற வெள்ளை டேப்பை வைத்துச் சிஸ்டர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான், 24 வயது. அவன் அம்மா வெளியே அழுதுகொண்டே இருந்தார். இரண்டு வாரம் அவன் யாரோடும் பேசவில்லை. மூன்றாவது வாரம் என் பக்கம் திரும்பி, "அங்கிள், அதுல கடவுளைத் திட்டுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றான்.

"நிறைய இருக்கு தம்பி" என்று பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" ஆறே வசனம்தான். வாசித்துவிட்டுக் கொடுப்பான் என்று பார்த்தேன். பக்கம் புரட்டிக்கொண்டே போனான். அன்றைக்கு எனக்கு நான்கு மணி நேரமும் டிவிதான்.