நழுவிய டிவைஸ்: சுருக்குப் போட்டு இழுப்பதா, நெஞ்சைத் திறப்பதா?

இதயத்தின் மேலறைச் சுவரில் இருக்கும் ஓட்டையைத் தொடை ரத்தக்குழாய் வழியாக டிவைஸ் (இருபக்கமும் தட்டுப் போல விரியும் கம்பிவலை அடைப்பான்) வைத்து அடைப்பதற்கு இப்போது மதுரையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ அந்த டிவைஸ் இடம் விட்டு நழுவும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நடந்துவிடும். மறுநாள் காலை எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அதனால்தான். ஓட்டையின் கீழ் விளிம்பு மெலிந்து ஆடினாலோ, சிறிய அளவு டிவைஸ் வைத்துவிட்டாலோ பிடிமானம் இருக்காது.

நழுவியது நுரையீரல் தமனியிலோ வலது மேலறையிலோ கீழிறங்கும் மகாதமனியிலோ நின்றால், முதலில் கேத் லேபிலேயே, அதாவது ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறையிலேயே, சுருக்குக் கம்பியால் பிடித்து இழுக்க முயல்வது நியாயம். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்து, ஏ.சி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 250 விநாடிக்கு மேல் வைத்துக்கொண்டு, டிவைஸை வைத்த ஷீத்தைவிட (உள்ளே செலுத்தும் குழாய்) குறைந்தது 2 பிரெஞ்சு (குழாய் அளவு) பெரிய ஷீத்தை உள்ளே கொண்டுபோக வேண்டும். சுருக்கு மாட்ட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: வலது தட்டின் நடுவில் துருத்தி நிற்கும் திருகுத் தலை. அதைப் பிடித்தால், நிட்டினால் என்ற உலோகக் கலவையால் ஆன வலை நீண்டு மெலிந்து ஷீத்துக்குள் வழுக்கிக்கொண்டு வரும். தட்டின் விளிம்பைப் பிடித்தால் வலை இரண்டாக மடிந்து ஷீத்தின் வாயில் சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் பலமாக இழுத்தால் டிரைகஸ்பிட் வால்வின் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள வால்வு) நாண்கள் அறுந்துபோகும். ஷீத்துக்குள் முழுதாக வராத டிவைஸை வால்வு தாண்டி இழுக்கவே கூடாது.

சுருக்கு வெற்றி பெற்றாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும் என்பதைக் குடும்பத்தார் பலரும் யோசிப்பதில்லை. விளிம்பு சரியில்லாமல் நழுவியதென்றால், இன்னும் பெரிய டிவைஸ் வைப்பது வேறொரு சிக்கலுக்கு (கீழே சொல்லும் அரிப்புக்கு) வழி திறக்கும். அறுவையில் இரண்டு வேலையும் ஒரே மூச்சில் முடிகிறது. பைபாஸ் மெஷினில் (இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் கருவி) போட்டு, வலது மேலறையைத் திறந்து டிவைஸை எடுத்துவிட்டு, நோயாளியின் சொந்த இதய உறையில் வெட்டிய ஒட்டுத் துண்டை ஓட்டையின் மேல் வைத்து, 4-0 அல்லது 5-0 அளவு பாலிப்ரோப்பிலின் நூலால் தைக்கிறார்கள். டிவைஸ் நுரையீரல் தமனிக்குள் போயிருந்தால் அந்தத் தமனியைத் தனியாகத் திறக்க வேண்டும். இதற்கு விலை, வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது.

அறுவை அரங்குக்குள் நுழையுமுன் டிவைஸ் எங்கே இருக்கிறது என்று எக்கோவில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். நேற்று வலது கீழறையில் இருந்தது இன்று தமனிக்குப் போயிருக்கலாம். மகாதமனியில் கிளாம்ப் (இடுக்கி) போடும்வரை இதயத்தைத் தூக்குவதோ அமுக்குவதோ கூடாது. அசைத்தால் அது இன்னும் உள்ளே போய்விடும்.

இடது கீழறையில் மைட்ரல் வால்வின் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ளது) நாண்களுக்குள் சிக்கியது, மேலே ரத்தக்கட்டி படிந்தது, கிருமி தொற்றியது, மாதக்கணக்கில் தசை மூடி வளர்ந்தது: இவற்றுக்கு நேரே அறுவைதான். சுருக்கு முயற்சியில் மணிகளைக் கழிப்பது தவறு. தசை மூடியதைப் பிடுங்கவும் முடியாது. சுற்றிலும் கத்தரித்து, சில வேளை தடுப்புச்சுவரின் ஒரு பகுதியோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது அரிப்பு, அதாவது டிவைஸ் உரசி உரசி இதயச் சுவரைத் துளைத்துவிடுவது. மகாதமனிப் பக்கத்து விளிம்பு குறைவாக இருந்து, டிவைஸும் பெரிதாகப் போனால், தட்டின் ஓரம் மேலறைக் கூரையையும் மகாதமனியையும் ஒவ்வொரு துடிப்பிலும் உரசிக்கொண்டே இருக்கும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு வருவது. முதல் சில நாட்களில் அதிகம், ஆண்டுகள் கழித்தும் வந்திருக்கிறது. இதய உறையில் ரத்தம் சேர்ந்தால் ஊசி போட்டு வடிப்பது நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. துளையைத் தைத்து, டிவைஸை எடுத்து, ஓட்டையை ஒட்டுப் போட்டு மூடினால்தான் உயிர் தப்பும். டிவைஸ் வைத்தவருக்கு நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால், வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. கம்பத்திலிருந்து பஸ் ஏறி மதுரை வரும்வரை அது காத்திருக்காது. பக்கத்தில் எக்கோ இருக்கும் இடத்துக்கு முதலில் போக வேண்டும்.

கீழறைச் சுவர் ஓட்டையில் கணக்கே வேறு. அங்கே டிவைஸ் இதயத்தின் மின்பாதையை அழுத்தி முழு இதய அடைப்பு (துடிப்புக்கான மின்சைகை மேலறையிலிருந்து கீழறைக்குப் போகாமல் நின்றுவிடுவது) உண்டாக்கலாம். முதல் சில நாட்களில் வந்தால் தற்காலிக பேஸ்மேக்கர் வைத்து ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். துடிப்பு சீக்கிரம் சீராகாவிட்டால், காத்திருப்பதைவிட டிவைஸை எடுத்துவிட்டு ஒட்டுப் போடுவதே மேல் என்பது எங்கள் கருத்து: அழுத்தம் நீங்கினால் மின்பாதை மீள வாய்ப்புண்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு நிரந்தர பேஸ்மேக்கர் என்றால் ஆயுள் முழுக்கப் பெட்டி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல மாதம் கழித்து வரும் அடைப்புக்கு எடுத்துப் பெரிய பயனில்லை, பேஸ்மேக்கர்தான்.

பி.டி.ஏ.வை (பிறந்தபின் மூடாமல் விட்டுப்போன, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையிலான குழாய்) டிவைஸ் வைத்து அடைத்தபின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், மீந்த கசிவில் ரத்த அணுக்கள் உடைகின்றன என்று பொருள். பெரும்பாலும் இன்னொரு காயில் (சுருள் கம்பி) வைத்தே நிறுத்திவிடலாம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: இதே கட்டடத்தில் இதய அறுவை நிபுணரும் பைபாஸ் மெஷினும் இரவிலும் உண்டா? அவசர அறுவை வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனி அனுமதி யார் வாங்குவார்கள்? டிஸ்சார்ஜ் தாளில் டிவைஸின் பெயர், மி.மீ. அளவு, வைத்த தேதி மூன்றையும் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தேனியிலோ ராமநாதபுரத்திலோ பார்க்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த மூன்றைத்தான்.