ஏபிபி ஏசிஎஸ்580 டிரைவ்: துவாஸில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

சிங்கப்பூரின் துவாஸில் நான் வேலை பார்க்கும் உணவுப் பொருள் தொழிற்சாலையில் ஒரே பேனலில் (மின்பெட்டியில்) நான்கு ஏசிஎஸ்580 இருக்கிறது, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். மூன்று 7.5 கிலோவாட் தண்ணீர் பம்புக்கு, ஒன்று 11 கிலோவாட் ஸ்க்ரூ கன்வேயருக்கு. இரண்டு வருடம் ஆகிவிட்டது. டிரைவ் நல்ல டிரைவ், மறுபடியும் வாங்குவேன். ஆனால் என்னிடம் கேட்கிற எல்லோரும் "அண்ணே, எத்தனை கிலோவாட் எடுக்கணும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பிரச்சினை இருக்கிறது.

எங்களுக்கு முதலில் பேனல் செய்து கொடுத்த ஒர்க்‌ஷாப்பும் கிலோவாட்டை வைத்துத்தான் எடுத்தது. கன்வேயர் மோட்டார் 11 கிலோவாட், நேம்பிளேட்டில் 21 ஆம்ப். ஏசிஎஸ்580-ல் 026ஏ-4 என்ற மாடல் 25 ஆம்ப் கொடுக்கும், 11 கிலோவாட் என்று அட்டவணையிலேயே போட்டிருக்கும், சரி என்று மாட்டிவிட்டார்கள். அது பம்புக்கும் ஃபேனுக்கும் பொருந்துகிற கணக்கு, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை 1 நிமிடம் 110 சதவீதம் வரைதான் தாங்கும். கன்வேயருக்கு 150 சதவீதம் தேவைப்படும், அட்டவணையில் அதற்கான ஹெவி டியூட்டி (கடினமான சுமை) வரிசையில் பார்த்தால் அதே 026ஏ வெறும் 17 ஆம்ப், 7.5 கிலோவாட். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிறுத்தி வைத்த கன்வேயரில் சரக்கு ஈரம் குடித்து இறுகிப்போய், திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் பண்ணினால் டிரிப், ரீசெட் பண்ணினால் மறுபடியும் டிரிப். ஒரு சைஸ் மேலே போய் 033ஏ போட்ட பிறகு அந்தத் தொந்தரவு நின்றது. அதன் ஹெவி டியூட்டி அளவு சுமார் 25 ஆம்ப். அதனால் மோட்டாரின் ஆம்ப் என்ன, ஓட்டப்போகும் சுமை என்ன என்ற இரண்டையும் கேட்காமல் யாராவது விலை சொன்னால் அந்த விலையை நம்பாதீர்கள்.

அடுத்தது சூடு. இதைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் டிரைவை முதலில் கொல்வது இதுதான் என்பது என் அனுபவம். டிரைவ் வழியாகப் போகும் சக்தியில் ஏறக்குறைய 3 சதவீதம் சூடாக வெளியே வரும். எங்கள் நான்கும் சேர்ந்து 33.5 கிலோவாட், அப்படியென்றால் சுமார் 1000 வாட். ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி பேனலுக்குள் வைத்துப் பூட்டின மாதிரி. அந்த ஒர்க்‌ஷாப் கொடுத்த பேனலில் ஃபேனே கிடையாது, தூசி போகக்கூடாது என்று நன்றாக மூடி வைத்திருந்தார்கள், போதாததற்கு டிரைவின் தலைக்கு நேர் மேலே ஒயர் டிரங்கிங் ஓடி, சூடு மேலே போகும் வழியையும் அடைத்திருந்தது. சிம் லிம் டவரில் வாங்கிய சின்ன வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன், மத்தியானம் 52 டிகிரி. ஏசிஎஸ்580-க்கு 40 டிகிரி வரை முழு ஆம்ப், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும், 50-ஐத் தாண்டவே கூடாது.

கணக்கு சுலபம். வாட்டை 3.1 ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி கூடுதலை ஏற்றுக்கொள்வீர்களோ அதால் வகுத்தால், மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று வேண்டும் என்று வரும். எங்கள் தளத்தில் 35 டிகிரி, உள்ளே 43 வரை போகலாம் என்று வைத்து, 1000 பெருக்கல் 3.1 வகுத்தல் 8, அதாவது மணிக்கு 390 கனமீட்டர். கீழே காற்று உள்ளே வர, மேலே வெளியே போக ஃபில்டர் ஃபேன் போட்டோம், டிரங்கிங்கை நகர்த்தினோம், இப்போது 43-ஐத் தாண்டுவதில்லை. மாவுத் தூசி இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுகிறேன், அதை விட்டால் மறுபடியும் பழைய கதைதான். தூசி இன்னும் மோசமான இடம் என்றால் இதிலேயே தூசியும் தண்ணீரும் புகாதபடி மூடிய ஐபி55 மாடல் இருக்கிறது, பேனலே இல்லாமல் சுவரில் மாட்டலாம்.

கேபிள் விஷயம். பம்ப் ஓடும்போது மட்டும் தொட்டி லெவல் சிக்னல் குதித்துக்கொண்டே இருந்தது, சென்சாரை இரண்டு தடவை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் பார்த்தால் மோட்டார் கேபிளின் ஷீல்டை (ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலை) முறுக்கி வால் மாதிரி ஆக்கி ஒரு லக் போட்டு எர்த்தில் சேர்த்திருக்கிறார்கள், சிக்னல் ஒயரும் அதே டிரங்கிங்கில் கூடவே வருகிறது, டிரைவின் மின் இரைச்சல் அதில் ஏறுகிறது. கேபிளின் மேலுறையை உரித்து, ஷீல்டைச் சுற்றிலும் 360 டிகிரி பிடிக்கும் கிளாம்பு போட்டு, சிக்னல் ஒயரைத் தனி வழியில் பிரித்து, தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்காக 90 டிகிரியில் கடக்க வைத்தோம். அன்றைக்கே லெவல் அசையாமல் நின்றது.

இனி டிரைவ் பற்றி. கரண்டைச் சீராக்கும் சோக்கும், மின் இரைச்சலைக் குறைக்கும் இஎம்சி ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்கி இடம் தேட வேண்டாம். போர்டுகளுக்குப் பூச்சு உண்டு, கடலோரக் காற்றில் இது பெரிய ஆறுதல். மற்ற கருவிகளோடு தகவல் பரிமாற மோட்பஸ் ஆர்டியு கூடவே வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த கீபேட், பாராமீட்டர் எல்லாவற்றையும் அதிலேயே பேக்கப் எடுத்து வைக்கலாம், டிரைவை மாற்ற நேர்ந்தால் அப்படியே ஏற்றிவிடலாம். கரண்ட் மிச்சமா என்றால், பம்பை 50-லிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் சக்தி கிட்டத்தட்ட பாதியாகும், ஆனால் உயரத்துக்குத் தூக்குகிற பம்பில் அவ்வளவு கிடைக்காது.

எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) டெர்மினல் இருக்கிறது, அவுட்புட்டில் கான்டாக்டர் வைத்து ஓடும்போது வெட்டாதீர்கள். ஆனால் எஸ்டிஓ மோட்டாரின் முறுக்கு விசையை நிறுத்துமே தவிர கரண்டைத் துண்டிக்காது. மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறக்கிற தம்பிகள் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, 5 நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். எங்கள் பேனல் கதவில் இதைத் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.