நிறுத்துச் சமைத்த இரண்டு வருஷம்

"சோத்தை நிறுத்திட்டியாமே?" என்று எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நிறுத்தலைங்கக்கா, நிறுத்துத்தான் போடறேன்" என்றேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகவே காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வாரத்துக்குள் நான் சோறே தொடுவதில்லை என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

நான் வாங்கியது ஒரு சமையலறைத் தராசு. 2023 ஆவணியில், 650 ரூபாய்க்குள் கிடைத்தது. 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் வரை காட்டும், இரண்டு சின்ன பேட்டரி. கம்பெனிப் பெயர் முக்கியமில்லை, இந்த விலையில் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு வருஷம் தாண்டிவிட்டதால் எழுதுகிறேன். வாங்கின வாரமே எழுதியிருந்தால் இதில் பாதி பொய்யாக இருந்திருக்கும்.

முதலில் வீட்டுச் சூழல். சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை. வீட்டுக்காரருக்குச் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பத்தாவது படிக்கும் பையன், ஐந்தாவது படிக்கும் பெண், சர்க்கரை இருக்கும் அத்தை. ஐந்து பேருக்கும் சமையல் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில். எனக்கென்று தனியாக ஓட்ஸ், சாலட், சூப் என்று வைத்துக்கொண்டதெல்லாம் பத்து நாள்தான் தாங்கும். மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் விட்டவள் நான்.

வாங்கும்போது உயரம் 156 செ.மீ., எடை 78.4 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. 5.7 தாண்டினாலே எல்லைக்கோடு, 6.5 என்றால் சர்க்கரை நோய் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, நடுவில் புள்ளி வைத்து என்னைக் காட்டினார். வழியில் தராசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் பட்டறைத் தராசு மில்லிகிராம் காட்டும், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும், மின்விசிறி போட்டால்கூட ஆடும். "இதென்ன விளையாட்டுச் சாமானா?" என்றவர், மறுநாள் பட்டறையிலிருந்து 100 கிராம் படிக்கல்லைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். 100. "பரவால்லையே" என்றார். போன வாரமும் வைத்துப் பார்த்தேன், 101. சோற்றுக்கு இது போதும்.

இந்தத் தராசில் எனக்கு உண்மையாக உதவியது ஒரே ஒரு பட்டன், டேர் என்பது. பாத்திரத்தை வைத்து அழுத்தினால் அதன் எடை கழிந்து பூஜ்யமாகும். நான் அதைத் திருப்பிப் பயன்படுத்துகிறேன். எண்ணெய்த் தூக்கை அப்படியே தராசில் வைத்து டேரை அழுத்தி, எடுத்துத் தாளிப்புக்கு ஊற்றிவிட்டு மறுபடி வைத்தால், எவ்வளவு ஊற்றினோம் என்பது மைனஸில் வரும். ஸ்பூன், கப் எதுவும் வேண்டாம், கழுவவும் ஒன்றும் இல்லை. முதல் நாள் பீன்ஸ் பொரியலுக்கு வழக்கம்போல் கண்ணளவில் ஊற்றினேன். மைனஸ் 46. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்றால், கால் கிலோ பீன்ஸுக்கு 400 கலோரி எண்ணெய். பீன்ஸைச் சாப்பிட்டு இளைக்கப் போகிறேனாம்.

அந்த மாசம் மளிகை நோட்டைத் திருப்பினேன். கடலை எண்ணெய் 7 லிட்டர். ஐந்து பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்குத் தினம் 42 கிராம். இப்போது நாலரை லிட்டர், அதாவது 27 கிராம். இதை நான் இலக்காக வைத்துக்கொண்டு குறைக்கவில்லை. 2024 மே மாதம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளுக்கான 2000 கலோரித் தட்டுக்கு எண்ணெய் 27 கிராம் என்று பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டில் யாரும் ருசி குறைந்தது என்று சொல்லவில்லை. தோசைக்கு மட்டும் பையன் முறைப்பான், அவனுக்கு ஓரத்தில் எண்ணெய் மொறுமொறுக்க வேண்டும். வளர்கிற பையன், ஊற்றிக்கொள்ளட்டும்.

அதே வழிகாட்டியில் காய்கறி ஆளுக்கு 400 கிராம் என்று இருந்தது. ஐந்து பேருக்குத் தினம் 2 கிலோ! நாங்கள் வாரத்துக்கே நாலு கிலோதான் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது ஞாயிறும் புதனும் காலை ஆறரைக்கு சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போகிறேன், வாரத்துக்கு ஒன்பது கிலோ வருகிறது. தினம் 2 கிலோ என்ற இலக்கை முழுசாக எட்டின நாள் குறைவு. ஆனாலும் தட்டில் பீர்க்கங்காய்க் கூட்டு பெரிசாக உட்கார்ந்தால் சோறு தானாகத் தள்ளி உட்காருகிறது. கிலோக் கணக்கில் காய் நறுக்க யாருக்கு நேரம் என்று கேட்பீர்கள். ராத்திரி சீரியல் ஓடும்போது அத்தையும் பெண்ணும் நறுக்கி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் ஊருக்குப் போனால் இந்தத் திட்டம் படுத்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சோறு ஆளுக்கு ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி என்று குக்கரில் போடும்போதே நிறுத்துவிடுகிறேன். வெந்ததும் நிறுப்பதில்லை, தண்ணீர் அளவைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். சிறுதானிய விஷயத்தில்தான் ஏமாந்தேன். வாங்கின வருஷம் சிறுதானிய ஆண்டு வேறு, எங்கே பார்த்தாலும் சாமை, வரகு, தினை. லீ பஜாரில் சாமை ஐந்து கிலோ வாங்கிவந்து, "இது கனமில்லாத சாப்பாடு" என்று இரண்டு கரண்டி கூடவே போட்டுச் சாப்பிட்டேன். ஒரு மாசத்தில் எடை ஏறியிருந்தது. சாமையும் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய அண்ணன் தம்பிதான். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், அதெல்லாம் நிஜம். ஆனால் அளவு கூடினால் அதுவும் சோறுதான்.

ஜவ்வரிசியும் அப்படித்தான். புவிசார் குறியீடு வாங்கின எங்கள் ஊர்ப் பெருமையைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு "லேசாக" ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, புரதம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். 100 கிராமுக்கு 350 கலோரி. சாயங்காலம் நாலு மணிக்கு ஏன் கை நடுங்கும் பசி வந்தது என்று இப்போது புரிகிறது. விரதம் இருக்கிறது, உப்புமா போய் சுண்டல் வந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

எண்ணெயும் குறைந்து, சோறும் அளவாகி, இரண்டாவது மாசம் எடை அப்படியே நின்றது. வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் கணக்குக் கேட்டார். "சேதாரம் எங்க எழுதியிருக்க?" என்றார். பட்டறையில் கொடுத்த வெள்ளி, வந்த கொலுசு, நடுவில் குறைவது சேதாரம். தரையைக் கூட்டுகிற குப்பையைக்கூட வீசமாட்டார்கள், கழுவி, உருக்கி வெள்ளி எடுப்பார்கள். "நம்ம வீட்ல சேதாரம் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

சேதாரம் என் வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, பையனின் டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சைச் சாதம், பாத்திரம் கழுவும் முன் வழித்துப் போட்ட தயிர்சாதம். நின்றபடியே, கை ஈரத்தோடு, இரண்டு வாயில் முடியும். அதை நான் சாப்பாடு என்றே கணக்கில் வைத்ததில்லை.

ஒரு வாரம் தொட்டிப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்தேன். வாய்க்குப் போக வேண்டியதெல்லாம் டப்பாவுக்கு. ராத்திரி நிறுத்தேன். திங்கள் 238 கிராம். செவ்வாய் 190. சனிக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், 310. ஏழு நாளில் 1456 கிராம், ஒரு நாளைக்கு 208. தோசையும் சோறும் கலந்த கணக்கில் 330 கலோரி வரும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்பார்கள். அந்தக் கணக்கில் மாசம் ஒரு கிலோவுக்கு மேல் நான் மிச்சத்திலேயே சம்பாதித்திருக்கிறேன். உடம்பு இவ்வளவு நேர்கணக்காக நடக்காது என்று தெரியும். இருந்தாலும் அந்த டப்பாவைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

அத்தைக்கு டப்பா பிடிக்கவில்லை. "சோத்தைக் கொட்டறதுக்கு ஒரு டப்பாவா? அன்னலட்சுமிம்மா அது." அவர் சொன்னதிலும் தப்பில்லை. கூடுதலாகப் போட்டுவிட்டு மிச்சத்தை என்ன செய்வது என்று யோசிப்பதே தலைகீழ். பிள்ளைகளுக்கு முதல் தடவை குறைவாகப் போட்டு, கேட்டால் இன்னொரு கரண்டி என்று மாற்றினோம். டிபன் பாக்ஸைச் சின்னதாக்கினேன். அப்படியும் மிஞ்சுவது பால்காரர் மாட்டுக்குப் போகும் கழுநீர் வாளிக்கு. அத்தைக்கு மாடு என்றால் சம்மதம். அடுத்த ஐந்து மாசத்தில் 6 கிலோ குறைந்தது. பெரிய பங்கு இந்த டப்பாவுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இனி மோசமானவை.

தராசு இரண்டு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். மாவு கரைக்கும்போது ஒரு போன் வந்தால் போச்சு, முதலிலிருந்து நிறுக்க வேண்டும். அகலமான தட்டை வைத்தால் எண் தெரியாது, குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். எட்டாவது மாசம் இட்லி மாவு வழிந்து உள்ளே போய்ச் செத்தது. வாங்கின கடையில் "தண்ணி பட்டா வாரண்டி கிடையாதுங்க" என்று பில்லைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பிரித்து, துடைத்து, ஒரு நாள் வெயிலில் வைத்தார். பிழைத்துவிட்டது. டேர் பட்டனை மட்டும் இப்போது நகம் வைத்து அழுத்த வேண்டும்.

அத்தை விஷயத்தில் நான் செய்தது பெரிய தப்பு. எனக்குக் குறைத்த அதே வேகத்தில் அவருக்கும் சோறு குறைத்தேன். நாலாம் நாள் பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். சில சர்க்கரை மாத்திரைகள் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் மாத்திரை அளவை மாற்றிய பிறகுதான் சோற்றில் கைவைத்தோம். வீட்டில் மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால் தராசுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. நாலாவது மாசம் நான் பாதாம் பருப்பை ஏழாக எண்ணி, அதையும் நிறுத்துக்கொண்டிருந்தேன். என் தட்டையே தராசில் வைத்துத்தான் பரிமாறுவேன். ஒருநாள் பெண் தன் தட்டை நீட்டி, "அம்மா, எனக்கும் நிறுத்துப் போடு. நான் குண்டாத்தானே இருக்கேன்?" என்றாள். அப்போது எட்டு வயசு. அன்றைக்குத் தராசு சாப்பாட்டு மேஜையிலிருந்து போனது. அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் அடுப்பங்கரையில் பச்சையாக நிறுப்பதோடு சரி. தட்டை நிறுப்பதில்லை. கலோரி என்ற சொல்லையும் பிள்ளைகள் முன்னால் சொல்வதில்லை. வேலை முடிந்ததும் தராசு அலமாரிக்குள். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஊர்த் தீனியை விட்டேனா என்றால், இல்லை. ஒரு தட்டுவடை செட் பார்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்னியையும் பீட்ரூட் கேரட் துருவலையும் ஒதுக்கி, தட்டுவடையை மட்டும் நிறுத்தேன், 64 கிராம். எண்ணெயில் பொரித்தது, 300 கலோரிக்குக் குறையாது. வாரம் ஒரு செட் என்று வைத்துக்கொண்டேன், தட்டுவடையை நொறுக்கிச் சட்னி கலந்து தரும் நொறுக்கலைத்தான் விட்டேன், அதில் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. மல்கோவா ஒன்று 600 கிராம், கொட்டையும் தோலும் போக 400. அதை ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் நட்டமில்லை, சோற்றுக்குப் பிறகு சாப்பிட்டால்தான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு நிறைய உறவு, இரண்டு வாரத்தில் 1.4 கிலோ ஏறியது. ஆவணியில் பெரும்பகுதி தானாக இறங்கியது. ஏற்காடு போனால் தராசு வராது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியைக் கணக்குப் பார்ப்பவள் இல்லை நான்.

நடை, மூக்கனேரிப் பக்கம் வாரம் நாலு நாள், அரைமணி நேரம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, மழைக்காலத்தில் போவதும் இல்லை.

இப்போது 67.1 கிலோ. இடுப்பு 90. சர்க்கரைச் சராசரி 5.7, கோட்டின் மேலேயே நிற்கிறது. நம்மூர்ப் பெண்களுக்குச் சொல்லப்படும் 80 செ.மீ. இடுப்புக்கு இன்னும் தூரம். கடைசி ஒன்பது மாசத்தில் 1 கிலோகூடக் குறையவில்லை. மறுபடி ஏறவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இதற்கு முன் மூன்று தடவையும் ஏறியிருக்கிறது.

அடுத்த தராசு வாங்கினால் எண் தனியாக முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பதாகப் பார்த்து வாங்குவேன். இதைத் தூக்கிப் போடவும் முடியாது. நேற்று அலமாரியில் தேடினேன், காணோம். அத்தை கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு மாவுக்கு உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இந்தப் பட்டன் ஏன் இப்படி அழுத்தமா இருக்கு?"